ஒற்றைச் சாக்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒற்றைச் சாக்ஸ்காரர்களே,

உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. உங்கள் பின்னல் பையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியும். முழுதாக முடிந்த ஒரே ஒரு சாக்ஸ், மிச்ச நூல்கண்டு, நான்கைந்து ஊசிகள், மடிப்பு விழுந்த ஒரு பேட்டர்ன் தாள். இரண்டாவது சாக்ஸ் தொடங்கப்படவே இல்லை, அல்லது மேல்பட்டியோடு நிற்கிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கிறீர்கள். டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறீர்கள். சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிற தைரியசாலிகளும் உங்களில் உண்டு.

பாதி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம், கொஞ்சம் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். முதுகு மட்டும் முடிந்த ஸ்வெட்டரைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். சாக்ஸோ முழுதாக முடித்த பிறகும் பாதியாகவே இருக்கும்.

உங்களுக்கு ஆறுதல் சொல்லவும் உங்களைத் திட்டவும் இந்த மடலை எழுதவில்லை. ஒரு கோரிக்கை இருக்கிறது. இரண்டாவது சாக்ஸைப் பின்னி முடியுங்கள். முடியாது என்று தோன்றினால் முதல் சாக்ஸையும் அவிழ்த்து நூலாக்கிவிடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். ஒற்றையாகவே வைத்துக்கொண்டு அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்குகிறீர்களே, அது மட்டும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நடுத்தரக் காலுக்கு ஊசியில் 64 கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், போடுகிறோம். ஊசியின் கனம் 2.25 மில்லிமீட்டர், சைக்கிள் சக்கரக் கம்பியைவிடச் சற்றே தடிமன். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 32 கண்ணி, அதே உயரத்துக்கு ஏறக்குறைய 44 சுற்று. மேல்பட்டி, கணுக்கால், குதிகால், பாதம், விரல்முனை எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சாக்ஸில் 12,000 கண்ணிகள் அளவில் வரும். நிமிடத்துக்கு 25 கண்ணி பின்னுகிற பழகிய கைக்கே எட்டு மணி நேரம் பிடிக்கும். ஜோடிக்குப் பதினாறு. இடையில் டீ போடுவதும், கதவைத் திறப்பதும், விழுந்த கண்ணியைக் கீழே போய்ப் பிடித்து வருவதும் இந்தக் கணக்கில் சேராது.

அதாவது, முதல் சாக்ஸை முடித்துக் கையில் பிடித்து மகிழ்கிற அதே நொடியில் இன்னும் 12,000 கண்ணிகள் பாக்கி நிற்கின்றன. நீங்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. முதல் சாக்ஸில் இருந்தது கண்டுபிடிப்பு. இரண்டாவதில் இருப்பதாகத் தெரிவது கடமை. கண்டுபிடிப்பை விட்டுக் கடமைக்குப் போக எந்தக் கைக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும்.

முதல் சாக்ஸ் அவ்வளவு இனிப்பதற்குக் காரணம் குதிகால். இதைப் பின்னாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம், ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். குழாய் போலக் கீழே இறங்கி வருகிறது பின்னல். 64 கண்ணிகளில் பாதியை அப்படியே காத்திருக்க விட்டு, மீதி 32 கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னுகிறோம். ஒன்று விட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிக்கொண்டே போவதால் அந்தப் பட்டை இரட்டைத் தடிப்பாகிறது, செருப்பிலும் ஷூவிலும் உரசுகிற இடமல்லவா. அடுத்ததுதான் வேடிக்கை. வரிசையை முடிக்காமலேயே நடுவில் திரும்புகிறோம். திரும்பும் இடத்தில் இரண்டு கண்ணியை ஒன்றாக்கி, இன்னும் ஒன்று பின்னி, மறுபடி திரும்புகிறோம். இப்படிப் பதினான்கு முறை செய்தால் 32 கண்ணி 18 ஆகிறது, தட்டையாக இருந்த துணி கண்ணெதிரே கிண்ணமாகக் குழிகிறது. வெட்டவில்லை, தைக்கவில்லை. எங்கே திரும்புகிறோம் என்பதை மட்டும் மாற்றினோம்.

பிறகு பட்டையின் இரு ஓரங்களிலும் பதினாறு பதினாறு கண்ணிகளை எடுக்க, காத்திருந்த 32 கண்ணியையும் சேர்த்து மொத்தம் 82. சுற்று விட்டுச் சுற்று இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி 64க்கு வருகிறோம். பாதத்தின் மேல்முதுகு உயர்ந்து தாழ்கிற அதே சரிவில் துணியும் உயர்ந்து தாழ்கிறது. இதைப் பேட்டர்னில் எழுத்தாகப் படித்தால் ஒன்றும் புரியாது. ‘இது எப்படி வரும்’ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே சொன்னபடி செய்தால் வந்துவிடும். பின்னல்காரர்கள் பலர் வேறெதையும் விட்டு சாக்ஸுக்கே அடிமையாவது இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

இந்த இன்பத்தைச் சொன்ன வாயால் துன்பங்களையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் நாம் அதை மறைக்கிறோம்.

முதல் துன்பம் நூல். நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, நிறம் ஆயிரம். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, ஷூவுக்குள் கால் புழுங்கும். பருத்தி நூல் உறிஞ்சும், ஆனால் இழுத்தால் திரும்பாது, மதியத்துக்குள் சாக்ஸ் கணுக்காலில் சரிந்து கிடக்கும். கம்பளி இழைக்கு இயற்கையிலேயே நெளிவு உண்டு, இழுத்தாலும் மீளும். அதனால்தான் காலின் சுற்றளவு 22 சென்டிமீட்டர் என்றால் சாக்ஸை 20க்குப் பின்னுகிறோம், அது காலைப் பிடித்து நிற்கிறது. அந்தக் கம்பளியிலும் மெரினோ பூப்போல இருக்கும், சீக்கிரம் தேயும். எனவே 75 பங்கு கம்பளிக்கு 25 பங்கு நைலான் கலந்த சாக்ஸ் நூல்தான் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நூறு கிராம் சிட்டத்தில் 400 மீட்டர் அளவுக்கு இருக்கும், பெரியவர் ஒருவரின் ஒரு ஜோடிக்குப் போதும். அதன் விலைக்கு நடைபாதைக் கடையில் மெஷின் சாக்ஸ் வாங்கினால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஆகும்.

இரண்டாவது, ஊசி மாறும் இடங்களில் ஏணிப்படி போல விழுகிற இடைவெளி. புதிய ஊசியின் முதல் கண்ணியை இறுக்கினால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னிய பிறகு நூலை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், அதுதான் வேலை செய்யும். மூன்றாவது, உடம்பு. மெல்லிய ஊசியை இறுக்கிப் பிடித்தே பழகியவர்களுக்கு மணிக்கட்டும் தோளும் வலிக்கும். இராத்திரியில் கறுப்பு நூல் எடுத்தால் கண்ணும் சேர்ந்துகொள்ளும். நான்காவது, துவைப்பு. கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரும் குலுக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு, பெரியவர் சாக்ஸ் குழந்தை சாக்ஸாகி விறைத்து நிற்கும். ஐந்தாவது, அந்துப்பூச்சி. பதினாறு மணி நேர உழைப்பை அது எந்த அவசரமும் இல்லாமல் தின்றுவிடும். அந்துருண்டை போடுவதைவிட நல்ல வழி, சாக்ஸைத் துவைத்துக் காயவைத்து அடிக்கடி போட்டுக்கொள்வதுதான்.

இத்தனை சிரமம் எதற்கு, ‘கடையில் கிடைக்காதா’ என்று வீட்டில் கேட்கிறார்கள். கிடைக்கும், நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைக்கிறது. 1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் கால்வர்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் தறியை உருவாக்கினார். கை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னுவதை அது ஒரு வரிசையாகச் சேர்த்தே பின்னியது. எலிசபெத் மகாராணி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்றும், கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகளின் வாயில் மண் விழும் என்று அஞ்சினார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். 1811இல் அதே வட்டாரத்தில்தான் இயந்திரங்களை உடைத்த லுட்டைட் தொழிலாளர்களின் கிளர்ச்சி தொடங்கியது. அவர்கள் உடைத்த இயந்திரங்களில் பெரும்பாலானவை காலுறைத் தறிகள். உடைத்தவர்களும் அந்தத் தறிகளிலேயே வேலை பார்த்தவர்கள், கூலிக் குறைப்பையும் மட்டமான சரக்கையும் எதிர்த்து நின்றார்கள். அந்தத் தறியின் வழிவந்தவைதான் இன்று திருப்பூரில் ஓடுகின்றன. ஒரு பனியனின் நேர்ப்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். ஆங்கில ‘வி’ எழுத்து வரிசை வரிசையாகத் தெரியும். உங்கள் சாக்ஸில் இருப்பதும் அதே கண்ணிதான், அளவு மட்டும் வேறு.

ஆக, இயந்திரத்தோடு போட்டி என்பது முடிந்துபோன கதை. இன்றும் கைப்பின்னல் சாக்ஸ் சோறு போடுகிற இடங்கள் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பகுதியில் பெண்கள் பின்னுகிற பல வண்ண சாக்ஸுக்கும் கையுறைக்கும் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் ஒற்றைச் சாக்ஸோடு நிறுத்த முடியாது, ஒற்றைக்கு விலை இல்லை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் வழியே சாக்ஸ் பின்னி அனுப்பிய பெண்களும் நிறுத்தியிருக்க முடியாது. விரல்முனையை மேடு தெரியாமல் ஊசியால் கோர்த்து மூடுகிற தையலுக்கு அந்தக் காலத்துப் போர் அமைச்சர் கிட்சனர் பிரபுவின் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு மேடு இருந்தால் சிப்பாயின் விரலில் கொப்புளம் வந்துவிடும்.

நமக்கோ எந்தக் கட்டாயமும் இல்லை. பின்னாவிட்டால் யார் காலும் விறைக்காது, யார் அடுப்பும் அணையாது. அதனால்தான் உங்கள் குற்ற உணர்வு எனக்குப் புரியவில்லை. கூலிக்காகப் பின்னியவர்களிடம் இருந்த கடமையை, கூலியே இல்லாத வேலைக்கு ஏன் இழுத்து வருகிறீர்கள்? ‘முடிக்கணும், முடிக்கணும்’ என்று சொல்லிக்கொண்டே புது நூல் தொடத் தயங்குகிறீர்கள். பொழுதுபோக்கு அந்த நிமிடமே வட்டி கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

‘அப்படியானால் எதற்கு முடிக்கச் சொல்கிறாய்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். முதல் குதிகாலைப் பின்னியது பேட்டர்ன். ஒவ்வொரு வரிக்கும் தாளைப் பார்த்தீர்கள், விரலை வைத்து எண்ணினீர்கள், சொன்னதைச் செய்தீர்கள். இரண்டாவது குதிகாலைப் பின்னப் போவது நீங்கள். எங்கே திரும்ப வேண்டும் என்பதை அங்கே விழுகிற சிறு இடைவெளியே காட்டிவிடும். இத்தனை கண்ணி என்பதற்குப் பின்னால் இருக்கிற காரணம் அப்போதுதான் புலப்படும். பட்டையில் வரிசையைக் கூட்டினால் உயரமான குதிகாலுக்குப் பொருந்தும், குறைத்தால் தாழ்ந்ததற்குப் பொருந்தும் என்று கைக்கே தெரிய வரும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் 1971இல் வெளியிட்ட பின்னல் புத்தகத்திலிருந்து ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தது ஏறக்குறைய இதைத்தான். தாள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள், உங்கள் கண்ணியை நீங்களே அளந்து கணக்குப் போடுங்கள் என்றார். அந்தத் துணிவு முதல் சாக்ஸில் வராது. முதல் சாக்ஸோடு நிறுத்தியவர், அடுத்த வருஷம் வேறு சாக்ஸ் தொடங்கும்போது மறுபடி தாளின் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார். நீங்கள் இழப்பது ஒரு சாக்ஸை மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எப்படி முடிப்பது? பழகியவர்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் சாக்ஸின் விரல்முனையை மூடிய அன்றே, எழுந்திருக்கும் முன், இரண்டாவதற்குக் கண்ணி போட்டுப் பத்துச் சுற்று பின்னிவிடுங்கள். தொடங்காத சாக்ஸைவிடத் தொடங்கிய சாக்ஸ் கையை அதிகம் கூப்பிடும். முதல் சாக்ஸில் மேல்பட்டிக்கு எத்தனை சுற்று, கணுக்காலுக்கு எத்தனை, பாதத்துக்கு எத்தனை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். ‘பார்த்தால் தெரியும்’ என்பது மூன்று மாதம் கழித்துப் பொய்யாகிவிடும். எழுதாமல் விட்டவர்கள், முடிந்த சாக்ஸை வெளிச்சத்தில் பிடித்து ‘வி’க்களை எண்ணுங்கள், அதில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதே ஊசியையே எடுங்கள். கோபத்தில் பின்னியதும் நிம்மதியில் பின்னியதும் அளவில் வேறுபடும் என்பது உண்மைதான். ஆனால் அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கால் பொறுத்துக்கொள்ளும், ஷூ மறைத்துவிடும்.

ஒற்றை என்ற பேச்சே எழாமல் செய்யவும் வழி உண்டு. நீண்ட வட்ட ஊசி ஒன்றில் இரண்டு சாக்ஸையும் அருகருகே ஏற்றி, இரண்டு நூல்முனைகளால் சேர்ந்தே பின்னிப் போகலாம். முடிந்தால் இரண்டும் ஒரே நாளில் முடியும். சாகசம் வேண்டுமென்றால் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அங்கே வருகிற ஒரு பெண் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு காலுறைகளை ஒரே ஊசிகளில் பின்னி, முடிந்ததும் குழந்தைகள் கூடி நிற்க ஒன்றிலிருந்து மற்றதை உருவி எடுக்கிறாள். அது கற்பனை வித்தை என்று நினைக்காதீர்கள், இன்றும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கண்ணி தவறிச் சிக்கினால் இரண்டும் சேர்ந்து தைத்துக்கொள்ளும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, இரண்டும் ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டுமா? நிறம் தானாக மாறுகிற நூலில் பின்னினால் கோடுகள் ஒத்து வராது, வராமலே இருக்கட்டும். கால்கள் இரண்டும் அளவில் ஒன்றாகவா இருக்கின்றன? இடதுக்குப் பச்சையும் வலதுக்கு நீலமும் பின்னினால் இரண்டாவதும் புதிதாகவே இருக்கும்.

இதையெல்லாம் படித்தும் மனம் வரவில்லையா? அவிழ்த்துவிடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கத்திரி பட்ட துணி திரும்ப முழுத் துணியாகாது. சுட்ட பானை களிமண்ணாகாது. பின்னலில் மட்டும் போட்டதெல்லாம் திரும்பக் கையில் வந்துவிடும். விரல்முனையின் தையலைப் பிரித்து நூல்முனையைப் பிடித்து இழுத்தால் 12,000 கண்ணிகளும் ஒரு சிட்டமாகிவிடும். நூல் சுருள் சுருளாக நெளிந்திருக்கும். சிட்டமாகச் சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். நெளிவு பெரும்பாலும் போய்விடும். அதில் உங்களுக்குப் பிடித்த வேறொன்றைத் தொடங்குங்கள். குழந்தைத் தொப்பிக்கு ஜோடி தேவையில்லை.

முடிக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. கைப்பின்னல் சாக்ஸைப் பரிசாகக் கொடுத்தால், ‘இவ்வளவு அழகா இருக்கு, போடவே மனசு வரலை’ என்று சொல்லி அலமாரியில் மடித்து வைக்கிறார்கள். நம்மிலும் பலர் தமக்குப் பின்னியதை அப்படித்தான் பத்திரப்படுத்துகிறார்கள். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் அகழ்ந்தெடுத்த ஒரு ஜோடிச் சிவப்புக் கம்பளிக் காலுறை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 1,600 ஆண்டு அல்லது அதற்கும் மேல். நாம் பின்னுகிற முறை அல்ல, ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுப் போகிற பழைய முறை. பெருவிரலுக்குத் தனி அறை வைத்திருக்கிறார்கள், செருப்போடு போட்டுக்கொள்வதற்காக. அருங்காட்சியகத்துக்கென்று நினைத்து அதை யாரும் செய்யவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிற ஒரு காலுக்காகச் செய்தார்கள்.

எனவே போட்டு நடங்கள். குதிகாலிலும் பாதத்தின் முன்மேட்டிலும் கண்ணிகள் மெலிவது தெரிந்தவுடன், முழு ஓட்டை ஆவதற்குள், மிச்ச நூலால் அந்தக் கண்ணிகளின் மேலேயே ஊசி ஓட்டித் தடிமனாக்குங்கள். அதற்காகவே ஒவ்வொரு ஜோடிக்கும் கைப்பிடி நூல் எடுத்து வையுங்கள். ஓட்டையே விழுந்துவிட்டால் ஒரு டம்ளரை உள்ளே கவிழ்த்து, குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டி அடைத்துவிடுங்கள். நிறம் பொருந்தாவிட்டால் பாதகமில்லை.

வேலை இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை முடிவெடுங்கள், கண்ணி போடுவதா, நூலை இழுப்பதா என்று. இழுக்கிறவர்கள் எனக்கு எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம். பின்னி முடிக்கிறவர்கள் புது ஜோடியைப் படமெடுத்து அனுப்பவும் வேண்டாம். அதில் முதல் ஓட்டை விழும்போது சொல்லி அனுப்புங்கள், அப்போது வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டத்தில் ஒருத்தி